கண்ணுக்குள் ஒரு பிரேக்

மீஞ்சூர் மார்க்கெட்டில் மீன்கார ஆயா ஒருவரிடம் அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"சினை இறால் இருக்கா ஆயா?"

கூடையைக் குலுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா... நண்டுல சினை கேளு, குடுக்கறேன். மீன்ல கேளு, குடுக்கறேன். ஏரி எறாலுக்கு ஏது சினை? அது கடலுக்குப் போயில்ல வெக்கும்!"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அரை கிலோ வாங்கிக்கொண்டு பேசாமல் ரயில் ஏறிவிட்டேன். நான் பி.காம். படித்தவன். உயிரியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு கணக்கு முடிந்துவிட்டது. ஆனால், ஆயா போகிறபோக்கில் சொன்ன அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனால், பாரீஸ், கொச்சி, விசாகப்பட்டினம், டெல்லி சுப்ரீம் கோர்ட் என்று சுற்றிவிட்டு மறுபடியும் பழவேற்காட்டுக்கே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மீஞ்சூரைத் தாண்டி பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. தெற்கு மூலைதான் நம் பங்கு. 1613-ல் டச்சுக்காரர்கள் ஜெல்ட்ரியா கோட்டை கட்டியது இங்கேதான். அவர்கள் துணிக்காக வந்தவர்கள். இறாலின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தால் கோட்டையை முகத்துவாரத்திலேயே கட்டியிருப்பார்களோ, என்னவோ!

ஏரி கடலைத் தொடுகிற அந்த முகத்துவாரம்தான் நம் கதையின் மையம். வெள்ளை இறாலும் டைகர் இறாலும் முட்டையிடுவது கடலில், கரையைவிட்டு விலகிய ஆழத்தில், ராத்திரி நேரத்தில். நன்றாக வளர்ந்த ஒரு டைகர் இறால் ஒரே தடவையில் 2 லட்சத்திலிருந்து 8 லட்சம் முட்டை வரை விடும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு. கோழி மாதிரி அடைகாப்பது, நண்டு மாதிரி வயிற்றில் கட்டிக்கொண்டு திரிவது எல்லாம் கிடையாது. தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாளுக்குள் குஞ்சு பொரிந்துவிடும். இரண்டு மூன்று வாரம் கடலில் மிதந்து, பல முறை உருமாறி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு நூல் துண்டு அளவுக்கு வந்ததும், ஏறுகிற தண்ணீரோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழையும். உள்ளே தீனி அதிகம், பெரிய மீன்களின் தொல்லை குறைவு. சில மாதம் தின்று கொழுத்துவிட்டு, வாலிப வயதில், இறங்குகிற தண்ணீரோடு மறுபடியும் கடலுக்குக் கிளம்பிவிடும். சினை பிடிப்பது அதற்கப்புறம்தான். ஏரி இறாலில் ஆயா சினை பார்க்காதது இதனால்தான்.

இந்தப் பயணத்தை மீனவர்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவர்களுடைய சட்டமே இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. 'பாடு' என்று அதற்குப் பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் சுத்து வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தலைக்கட்டு ஒன்றுக்கு ஒரு பங்கு. இன்றைக்கு எனக்குக் கொழுத்த இடம், நாளைக்கு உனக்கு. கோர்ட், வக்கீல் எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஏற்பாடு இது. இந்தப் பாடு முறையைப் பற்றி ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991-ல் தனியாக ஓர் அறிக்கையே போட்டது. இந்தச் சீட்டில் பெயர் இல்லாதவர்களும் உண்டு. ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய வரும்படியும் அந்த வாய் திறந்திருப்பதை நம்பித்தான்.

சரி... இறால் கடலில்தான் முட்டையிடும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? பண்ணை வைக்க நினைத்தவனுக்கு நஷ்டம். குளம் வெட்டலாம், தீனி போடலாம், காவல் வைக்கலாம். குஞ்சுக்கு எங்கே போவது? தொட்டியில் அடைத்து ராஜபோகமாகக் கவனித்தாலும் டைகர் இறால் பெரிதாகுமே தவிர, சினை பிடிக்காது. என்ன செய்தாலும் மாட்டேன் என்று அடம்.

மற்ற ஜீவராசிகளை மனிதன் எப்படியோ வழிக்குக் கொண்டுவந்துவிட்டான். நாமக்கல் பக்கம் ராத்திரியில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், கோழிப் பண்ணைகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கோழிக்குப் பகல் நீண்டால்தான் முட்டை. வெளிச்சம் மூளைக்குப் போய், அங்கிருந்து ஹார்மோன் கிளம்பி, சினைப்பையைத் தட்டி எழுப்பும். மீன் கதையும் அதே ஜாதி. கட்லா, ரோகு வகைக் கெண்டைகள் குளத்தில் முட்டையிடாமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தன. 1957 ஜூலை 10-ம் தேதி ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, வேறொரு மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை எடுத்து ஊசி போட்டார். முட்டையிட்டது! இன்றைக்கும் ஜூலை 10-தான் தேசிய மீன் வளர்ப்போர் தினம்.

பூச்சிகளும் இதற்கு விதிவிலக்கு இல்லை. லண்டனில் விக்கிள்ஸ்வொர்த் என்பவர் ரத்தம் குடிக்கிற ஒரு மூட்டைப்பூச்சி வகையை வைத்துக்கொண்டு விபரீதமான சோதனைகள் செய்தார். பூச்சியின் தலையை வெட்டிவிடுவார். தலை போனாலும் அது பல நாள் உயிரோடு இருக்கும் (அரசியலை நினைத்துக்கொள்ளாதீர்கள்). தலையின் பின்பக்கத்தில் ஒரு குட்டிச் சுரப்பி இருக்கிறது. அதை மிச்சம் வைத்து வெட்டினால் முட்டை முதிர்கிறது. அதையும் சேர்த்து வெட்டினால் முட்டை முதிர்வதில்லை. 1936-ல் இதை எழுதினார்.

ஆக, கோழி, மீன், பூச்சி... மூன்றிலும் தலையிலிருந்து கிளம்பும் ஒரு சரக்கு போய்ச் சேர்ந்தால்தான் முட்டை. அதுதான் ஆக்ஸிலரேட்டர். முட்டை வேண்டுமா? கொஞ்சம் கூடுதலாகக் கொடு. வெளிச்சம் கொடு, ஊசி கொடு.

இறாலுக்கும் எதைக் கொடுக்கலாம் என்றுதான் எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். விடையோ தலைகீழாக இருந்தது.

1943. பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருக்கிறது. அந்தக் களேபரத்திலும் பாரீஸ் விஞ்ஞானக் கழகத்தின் இதழ் வெளிவந்துகொண்டிருந்தது. அதில் பனூஸ் என்ற ஆராய்ச்சியாளரின் சின்னக் கட்டுரை ஒன்று. ஐரோப்பியக் கடலோரத்து இறால் ஒன்றை எடுத்துக்கொண்டு, முட்டையிடும் பருவமே இல்லாத நேரத்தில், அதன் கண்ணை, கண் உட்கார்ந்திருக்கும் காம்போடு சேர்த்து நீக்கிப் பார்த்திருக்கிறார். இறாலின் கண் நம்முடையது மாதிரி குழிக்குள் இருக்காது, ஒரு சிறு காம்பின் நுனியில் துருத்திக்கொண்டு நிற்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் காம்பு போனதும், தூங்கிக்கொண்டிருந்த சினைப்பை மளமளவென்று வளர்ந்து, பருவம் தப்பி முட்டையிட்டது!

காரணம் காம்புக்குள் இருந்தது. அங்கே எக்ஸ் உறுப்பு என்று ஒரு நரம்புக் கூட்டமும், சைனஸ் சுரப்பி என்று அதன் கிடங்கும் இருக்கின்றன. அங்கிருந்து வருகிற ஒரு ஹார்மோனின் வேலை 'இப்போது வேண்டாம்' என்று சினைப்பையை அடக்கிவைப்பது. உப்பு, சூடு, ஆழம், தீனி எல்லாம் கூடிவருகிற வரைக்கும் இந்த அடக்குமுறை தொடரும். கடலில் அந்த நேரம் வரும்போது பிடி தளரும். தொட்டியில் அந்த நேரம் வருவதே இல்லை, பிடியும் தளர்வதில்லை. இறாலுக்கு ஆக்ஸிலரேட்டரில் கோளாறு இல்லை. பிரேக்கில் யாரோ காலை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரேக் இருக்கும் இடம் கண்!

மற்ற உயிர்களுக்கு முட்டைக்காக எதையாவது கொடுத்தார்கள். இறாலிடமிருந்து எடுத்தார்கள்.

இதில் வேடிக்கை, பனூஸின் கண்டுபிடிப்பு ஏறத்தாழ 30 வருடம் சும்மா கிடந்தது. அதற்கு முன்பே, 1930-களில், ஜப்பானில் ஹூடினாகா என்பவர் இறால் முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கும் வித்தையைத் தொடங்கிவிட்டார். 1968-ல் தைவானில் லியாவ் என்பவர் டைகர் இறாலையும் பொரித்துக் காட்டினார். ஆனால், இருவருக்குமே தாய் இறால் கடலிலிருந்து சினையோடு கிடைத்தாக வேண்டும். 1970-களில்தான் அமெரிக்கா, தாஹித்தி, பிலிப்பைன்ஸ் என்று பல இடங்களில் ஒரே நேரத்தில் பனூஸைத் தூசு தட்டி எடுத்தார்கள். இந்தியாவிலும் தாமதமில்லை. கொச்சிக்குப் பக்கத்தில் நாரக்கல் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் முத்து, லட்சுமிநாராயணா என்ற இரண்டு விஞ்ஞானிகள் நம் கடல் இறால்களில் இதைச் செய்து காட்டி 1977-ல் எழுதினார்கள். நம் பழவேற்காட்டு வெள்ளை இறாலும் அதில் உண்டு.

செய்முறையைச் சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். பெண் இறாலைக் கையில் பிடித்து, ஒரு பக்கத்துக் கண்ணை மட்டும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிவிடுவார்கள். இல்லையென்றால் பழுக்கக் காய்ச்சிய கத்தரியால் காம்பை வெட்டுவார்கள். அல்லது நூலால் இறுகக் கட்டிவிடுவார்கள், காம்பு தானாக உதிரும். இரண்டு கண்ணையும் எடுத்தால் இறால் தாறுமாறாகச் சுற்றிச் செத்துப்போகும். அதனால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு கண் போனால் பாதி பிரேக் போன மாதிரி. அதுவே போதும். ஒரு வாரத்துக்குள்ளேயே பல இறால்கள் சினை பிடித்துவிடும். முட்டையிட்டு ஓய்வெடுக்க விடாது உடம்பு. மறுபடியும், மறுபடியும். போகப்போக முட்டையின் தரம் குறையும், தாய் ஓய்ந்துபோகும். பிறகு அதைத் தள்ளிவிட்டு வேறொன்று.

1980-களின் கடைசியில் கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் விசாகப்பட்டினத்திலும், ஒடிசாவின் கோபால்பூரிலும் பெரிய குஞ்சு பொரிப்பகங்களை அமைத்தது. அவ்வளவுதான், கதவு திறந்துகொண்டது. தனியார் ஹேச்சரிகள் மரக்காணம் கடற்கரை வரை முளைத்தன. வங்கிகள் கடன் கொடுத்தன. ஜப்பானும் அமெரிக்காவும் வாங்கக் காத்திருந்தன. கடலில் தாய் டைகர் இறால் ஒன்று சிக்கினால், ஒன்றே ஒன்று, ஆயிரக்கணக்கில் விலை. உயிரோடு கரை சேர்க்க வேண்டும் என்பதற்காகக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார்கள். பழவேற்காட்டில் வயதான மீனவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அப்பல்லாம் வலையில தாய் எறால் மாட்டுச்சுன்னா அன்னிக்கு எங்களுக்குத் தீபாவளி சார். அதையே வாங்கினு போயி கண்ணை நோண்டுவாங்கன்னு பின்னாலதான் தெரிஞ்சுது."

தாய்க்குக் கிடைத்த பணம் ஒரு பக்கம். அந்தத் தாயின் லட்சக்கணக்கான குஞ்சுகளுக்குக் குளம் வெட்டினார்களே, அது இன்னொரு பக்கம். கடலோரத்து வயல்கள் இறால் குளங்களாக மாறின. உப்புத் தண்ணீர் ஊறி, குடிநீர்க் கிணறுகள் கெட்டன. பண்ணைக் கழிவு கால்வாய்க்கும் ஏரிக்கும் வந்தது. கரைக்குப் போகும் பாதையே பல இடங்களில் வேலிக்குள் போய்விட்டது. தஞ்சை, நாகப்பட்டினம் பகுதிகளில் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் முதிய வயதில் இதற்கு எதிராகச் சத்தியாகிரகம் தொடங்கினார். 1994-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார்.

1996 டிசம்பர் 11-ம் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது இருவரும் கொடுத்த தீர்ப்பை, கணக்கு படித்தவன் என்ற முறையில் நான் ரசித்துப் படித்தேன். இறாலால் நாட்டுக்கு வருகிற டாலர் ஒரு பக்கம், மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஜனங்களுக்கும் ஆகிற சேதம் ஒரு பக்கம். இரண்டையும் கூட்டிக் கழித்து, வரவைவிட சேதமே அதிகம் என்று நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் (நீரி) சொன்ன கணக்கை கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் வரவுப் பத்தி மட்டும்தானே அச்சாகும்? செலவுப் பத்தியை எழுத ஒரு கிழவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறைகளைத் தவிர மற்ற பண்ணைகள் கூடாது. கட்டியிருந்தால் 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும் என்று உத்தரவு. இந்தியாவில் இரண்டே இரண்டு ஏரிகளின் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் பண்ணையே கூடாது என்றார்கள். ஒன்று சிலிகா, இன்னொன்று பழவேற்காடு!

வெடி வெடித்துக் கொண்டாடியிருக்கலாம். ஆனால், நம் ஊரில் தீர்ப்பு என்பது பாதிக் கதைதானே? மறுஆய்வு மனுக்கள் போயின, இழுத்துக்கொண்டே போனது. 2005-ல் பார்லிமெண்ட் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை இந்தப் பண்ணைகளுக்குப் பொருந்தாது, ஆணையத்தில் பதிவு செய்துகொண்டு நடத்தலாம் என்று ஆனது. ஜெகந்நாதன் 2013-ல் காலமானார்.

கோர்ட்டால் முழுதாக முடியாததை ஒரு வைரஸ் செய்தது. 1994-95 வாக்கில் பரவிய வெண்புள்ளி நோய், குளம் குளமாக டைகர் இறாலைக் காலி செய்தது. கடலிலிருந்து பிடித்து வந்த தாயே நோயைச் சுமந்து வந்துவிடும் என்ற பயம் வேறு. கடைசியில் 2009-ல் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி இறாலுக்கு அனுமதி கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த, நோயில்லாத தாய் இறால்கள் விமானத்தில் சென்னைக்கு வந்து இறங்கின. நீலாங்கரையில் அவற்றுக்கென்றே ஒரு தனிமைப்படுத்தும் மையம். அங்கே சோதனை முடிந்துதான் ஹேச்சரிக்குப் போகும். சில வருடங்களிலேயே பண்ணைகளில் வனாமி ராஜ்ஜியம். கடலில் தாய் இறால் பிடித்து ஒரே நாளில் தீபாவளி கொண்டாடிய காலம் மலையேறியது.

தொட்டியிலேயே பிறந்த இந்த வனாமிக்காவது கண் தப்பியதா? பெரும்பாலும் இல்லை. அதற்கும் ஒரு கண் போகிறது. காத்திருக்க ஹேச்சரிக்கு நேரமில்லை. ஆனால், இப்போது கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஐரோப்பிய யூனியனின் ஆர்கானிக் விதிகளில் கண் காம்பை வெட்டவும் கட்டவும் நசுக்கவும் தடை. பிரிட்டன் 2022-ல் போட்ட சட்டம், நண்டையும் இறாலையும் வலி உணரும் உயிர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. நல்ல தீனியும் இதமான தொட்டியும் கொடுத்து, கண்ணைத் தொடாமலே வனாமியை முட்டையிட வைக்க முடியும் என்று சில ஹேச்சரிகள் செய்தும் காட்டுகின்றன. நம் பக்கத்தில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2023-ல் வேறொரு காரியத்தைத் தொடங்கியது. வனாமிக்குப் பதிலாக நம் சொந்த வெள்ளை இறாலையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பண்ணைக்குத் தயார்செய்யும் தேசியத் திட்டம்.

பண்ணை இறால் முட்டையிட இப்போது கடல் தேவையில்லை. ஏரி இறாலுக்குத் தேவை. அதற்குக் கண்ணில் மட்டுமில்லை, ஊர் வாசலிலும் ஒரு பிரேக் இருக்கிறது. கோடையில் ஆரணி ஆறு வற்றிவிட்டால் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மூடினால் குஞ்சு உள்ளே வர முடியாது, வளர்ந்தது வெளியே போக முடியாது. மீனவர்களே மண்வெட்டியோடு இறங்கி வழி வெட்டிவிட்ட வருடங்கள் பல. மணல் சேராமல் இருக்க இரண்டு பக்கமும் கருங்கல் தடுப்பு கட்டும் வேலையைச் சமீபத்தில் அரசாங்கம் கையில் எடுத்தது.

போன மாதம் மறுபடியும் மீஞ்சூர் மார்க்கெட். ஆயாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "இன்னா, சினை எறாலா?" என்று சிரித்தார். முன்னால் இரண்டு குவியல். ஒன்று பண்ணை, எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. இன்னொன்று ஏரி, சின்னதும் பெரிசுமாக. ஏரிக் குவியல் ரொம்பச் சின்னதாக இருந்தது. இன்றைக்கு ஏன் இவ்வளவு குறைச்சல் என்றேன்.

"வாய் அடைச்சிக்கினு கீதில்ல நைனா" என்றார், பண்ணை இறாலைத் தராசில் அள்ளிப் போட்டபடி. "தொறந்துக்கட்டும், வரும்."